நாலாவது எங்கே?

எங்கள் ஊருக்கு வருகிற கூரியர் பையன்கள் போனில் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "சார், கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" சிங்கப்பெருமாள் கோவிலை ரயில் பாதை இரண்டாக வகுந்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, மறுபக்கம் ஒரகடம் போகிற வழி. மேம்பாலம் வந்தும் பேச்சிலிருந்து கேட் போகவில்லை. போன மாதம் வந்த பையன் அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டான். "பார்சல் செம கனமா இருக்கு சார், கீழ எறங்கி வந்து வாங்கிக்கிறீங்களா?"

இறங்கிப் போய் வாங்கினேன். வாங்குகிற சந்தோஷத்தில் கனம் தெரியவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஹென்றி டேவிசன் லவ் எழுதிய ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’. 1913இல் லண்டன் ஜான் மர்ரே கம்பெனி இந்திய அரசாங்கத்துக்காகப் போட்ட புத்தகம். 1640 முதல் 1800 வரை மதராஸ் பட்டணத்தின் கதை. பட்டணத்து வரலாற்றை எழுதிய முத்தையாவிலிருந்து நேற்று யூடியூபில் சேனல் ஆரம்பித்தவர் வரை, பழைய சென்னையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் எங்கோ ஓரிடத்தில் இந்தப் புத்தகத்தின் மேல்தான் கால் வைத்து நிற்பார்கள். அவர்களுக்கே தெரியாமலும் நிற்பார்கள்.

பிரித்தேன். பளபளவென்று மூன்று தடித் தொகுதிகள். அட்டையில் ராஜஸ்தான் பக்கத்துக் கோட்டை ஒன்றின் படம். சரி, கோட்டை என்று போட்டுத் தேடியிருப்பார்கள், அதுதான் கிடைத்திருக்கும், போகட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே முதல் வரைபடம் வந்த இடத்தில்தான் நெஞ்சு பக்கென்றது.

பழைய புத்தகங்களில் பெரிய வரைபடங்களை மடித்து ஒட்டியிருப்பார்கள். வாசிக்கிறவர் விரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நூலகத்துப் பிரதியை ஸ்கேன் செய்தவருக்கு விரிக்க நேரமில்லை. மடித்தது மடித்தபடியே எடுத்துவிட்டார். அதனால் என் புத்தகத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி தாளின் மறுபுறத்து நிழலாக, கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித் தெரிகிறது. கடல் இருக்க வேண்டிய மூலையில் ஒரு கட்டைவிரல். ரப்பர் உறை மாட்டிய விரல், நகத்தின் வளைவு வரைக்கும் துல்லியமாக விழுந்திருக்கிறது. கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த முந்நூறு வருஷத்துக் கறுப்பர் பட்டணம் மங்கிப்போய்விட்டது, விரல் மட்டும் பளிச்சென்று.

சரி, படம்தானே போயிற்று, எழுத்து இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைசித் தொகுதியைத் தேடினேன். இல்லை. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். தெர்மகோல் உருண்டைகள்தான் விழுந்தன. இந்தப் புத்தகம் மொத்தம் நான்கு தொகுதி. நாலாவது முழுக்க முழுக்கப் பெயரடைவு. இன்டெக்ஸ்.

விற்ற இணையக் கடைக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். நாலாவது தொகுதி வரவில்லை என்றேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செட் மூணுதான் சார். நாலாவது வெறும் இன்டெக்ஸ்னு போட்ருக்கு. கதை மூணுலயே முடிஞ்சிருது சார்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம், புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஆனால் ‘கதை மூணுலயே முடிஞ்சிருது’ என்ற அந்த ஒரு வரி ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தப் பதிவே அதற்கான பதில்தான்.

என் தொழில் பக்கம் கட்டுவது. இருபத்து நான்கு வருஷமாக டிடிபி, லேஅவுட், மெய்ப்பு. பேஜ்மேக்கர் காலத்தில் ஆரம்பித்தவன். தினமும் காலையில் இங்கே ரயிலேறி, உட்கார இடம் கிடைத்தால் ஒரு தூக்கம், கிடைக்காவிட்டால் தாம்பரம் வரை நின்றுகொண்டே ஒரு புத்தகம் என்று போய் வருகிறவன். மறுபதிப்பு வேலைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகத்தை மறுபடி போடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, பழைய பக்கத்தை அப்படியே படம் பிடித்து, கறை நீக்கி, பிளேட் போட்டு அச்சடிப்பது. இன்னொன்று, எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்வது. இரண்டாவதுதான் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தட்டச்சில் புதுப் பிழைகள் புகும். இப்போது மிஷினே படித்து எழுத்தாக்கித் தருகிறது என்கிறார்கள். தமிழில் அது ‘ர’வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும். 1978க்கு முந்தைய புத்தகமாக இருந்தால் பழைய ‘லை’, ‘னை’, ‘ணை’ எழுத்துகளைக் கண்டு திக்குமுக்காடிப் போகும். ஆங்கிலத்திலும் ஆள் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் இதே பாடுதான். லவ் எழுதிய புத்தகத்தில் மூன்றில் ஒரு சொல் அப்படிப்பட்ட பெயர் என்று எனக்குத் தோன்றும். அத்தனையும் பழைய எழுத்துக்கூட்டலில்.

அதைவிடப் பெரிய சிக்கல் பக்க எண். புதிதாக அடுக்கினால் பக்கம் மாறும். பக்கம் மாறினால் பழைய அடைவு செத்துப்போகும். புது அடைவு போடப் பதிப்பாளரிடம் காசு இருக்காது. எனவே இந்த மாதிரிப் புத்தகத்துக்குப் படம் பிடித்துப் போடுவதே நியாயம், பக்க எண் பழையபடி இருக்கும், அடைவும் பழையபடி வேலை செய்யும். அப்படிப் படம் பிடித்துப் போட்டுவிட்டு அடைவை மட்டும் கழற்றி எறிந்தவர்களை என்ன சொல்வது? வீடு கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட கதை.

லவ் யார் என்று சொல்லவில்லையே. ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த ராணுவ எஞ்சினியர். மதராஸ் பொறியியல் கல்லூரியில் பிரின்சிபாலாக இருந்தவர். இன்றைக்குக் கிண்டியில் இருக்கிறதே, அதே கல்லூரி. அவர் காலத்தில் அது சேப்பாக்கத்தில் இருந்தது, கிண்டிக்குப் போனது 1920இல். 1903இல் அரசினர் மாளிகையிலும் விருந்து மண்டபத்திலும் இருந்த ஓவியங்களுக்கு ஒரு விவரப் பட்டியல் போட்டார். பட்டியல் போடுகிற புத்தி பிறவியிலேயே வந்திருக்க வேண்டும். அதன்பிறகு கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களையும் லண்டன் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் அலசி, இந்த நான்கு தொகுதிகளைக் கட்டினார். வங்காளத்துப் பழைய வில்லியம் கோட்டை பற்றி சி.ஆர். வில்சன் எழுதிய புத்தகமும் இதே அரசாங்க வரிசையில் வந்ததுதான்.

எஞ்சினியர் எழுதிய சரித்திரம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ராஜா, கவர்னர், போர் என்று ஓட மாட்டார். ஒரு மதில் எங்கே ஆரம்பித்து எங்கே திரும்பியது, அதை எப்போது எந்தக் காரணத்துக்காக இடித்தார்கள், கல் எங்கிருந்து வந்தது, யார் கணக்கில் செலவு எழுதினார்கள் என்று அளந்துகொண்டே போவார். சிலருக்கு அலுக்கும். எனக்கும் சில பக்கங்களில் அலுத்திருக்கிறது. ஆனால் ஒரு தெருவைத் தேடிப் போகிறவனுக்கு அந்த அளவுகோல்தான் கைகொடுக்கும்.

லவ்வுக்கு முன்னால் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் டால்பாய்ஸ் வீலர். மதராஸ் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். 1861, 62இல் ‘மெட்ராஸ் இன் தி ஓல்டன் டைம்’ என்று மூன்று தொகுதி போட்டார். ஆவணத்திலிருந்து எடுத்த பகுதிகளைக் கதைபோலக் கோத்துத் தருவார், படிக்கச் சுகமாக இருக்கும். லவ்வோடு ஒப்பிட்டால் வீலர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற தாத்தா. லவ் பத்திரத்தை எடுத்து மேசையில் போடுகிற வக்கீல். அப்புறம் 1939இல், பட்டணத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவையொட்டி, சி.எஸ். சீனிவாசாச்சாரி நகர வரலாறு ஒன்றை எழுதினார். விழாக் குழு தனியாக ஒரு மலரும் போட்டது. வீலர், லவ், அந்த மலர் எல்லாவற்றையும் தில்லி ஏஷியன் எஜுகேஷனல் சர்வீசஸ் 1990களில் மறுபதிப்பாகக் கொண்டுவந்து புண்ணியம் கட்டிக்கொண்டது. சென்னைப் புத்தகக் காட்சியில் அந்தப் பதிப்புகளை எடுத்துப் புரட்டிவிட்டு, விலையைப் பார்த்து அப்படியே வைத்துவிட்டு வந்த ஆயிரம் பேரில் நானும் ஒருவன். அன்றைக்கே வாங்கியிருந்தால் இன்றைக்கு ரப்பர் விரலைப் பார்த்திருக்க வேண்டாம். சிக்கனம் பிடித்தவனுக்குச் செலவு இரட்டிப்பு.

இனி அந்த நாலாவது தொகுதிக்கு வருகிறேன். அது ஏன் வேண்டும் என்பதற்கு முதலில் ஒரு தேதியின் கதை.

ஆகஸ்ட் 22ஆம் தேதியை மெட்ராஸ் டே என்று 2004இலிருந்து கொண்டாடுகிறார்கள் அல்லவா? 1639இல் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டேக்கு தாமர்லா நாயக்கர் இடம் கொடுத்த நாள் என்று சொல்கிறோம். ஆனால் அந்தக் கொடைப் பத்திரத்தின் பிரதியில் இருக்கிற தேதி ஜூலை 22. அப்படியானால் ஏன் ஆகஸ்ட்? பிரான்சிஸ் டே மதராசபட்டணத்துக் கரையில் இறங்கியதே ஜூலை 27தான். இறங்குவதற்கு ஐந்து நாள் முன்னால் பத்திரம் எப்படி எழுத முடியும்? மாதத்தை எழுதியவர் கை தவறியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் நடைப்பயணம், கண்காட்சி, காபி டம்ளர் என்று ஒரு விழாவே நடக்கிறது, அதன் தேதி ஒரு குமாஸ்தாவின் பிழையைத் திருத்தி வந்தது. மெய்ப்புத் திருத்துகிற எனக்கு இதில் எவ்வளவு ஆனந்தம் என்று உங்களுக்குப் புரியாது.

இந்த விஷயத்தைப் புத்தகத்தில் தேட வேண்டும் என்றால் எங்கே போவீர்கள்? ‘நாயக்கர்’ என்றா, ‘தாமர்லா’ என்றா, ‘டே’ என்றா? அந்த நாயக்கரின் பெயரே வெங்கடப்பா என்று ஒரு புத்தகத்தில் இருக்கும், வெங்கடாத்ரி என்று இன்னொன்றில் இருக்கும். தம்பி அய்யப்பா, அப்பா சென்னப்பா. அந்த அப்பா பெயரில்தான் சென்னப்பட்டணம். நடுவில் 1645இல் சந்திரகிரியிலிருந்து ஸ்ரீரங்கராயர் புதுசாக ஒரு கொடை கொடுத்தபோது ஊருக்குத் தன் பெயரை வைத்து ஸ்ரீரங்கராயபட்டணம் என்று எழுதிப் பார்த்தார். ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் இன்றைக்கு நம் கிரிக்கெட் அணிக்கு என்ன பெயர் வந்திருக்கும் என்று ஒருநாள் ரயிலில் நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டு போனோம்.

பெயர்தான் இந்தப் புத்தகத்தின் வாசல். அந்த வாசலில்தான் தமிழ் வாசகன் தலையை இடித்துக்கொள்கிறான்.

‘காஸா வெரோனா’ என்று ஒருவர் வருவார். முதல் தடவை படித்தபோது யாரோ இத்தாலிக்காரர், கடற்கரையில் வீடு கட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். காசி வீரண்ணா. கம்பெனியின் தலைமை வியாபாரி, கோட்டைக்கு வெளியே அவர் வைத்ததுதான் சட்டம். 1680இல் அவர் செத்தபோது, இவர் எங்களவர், அசன் கான் என்று எங்களிடம் பெயர் உண்டு, அடக்கம்தான் செய்ய வேண்டும் என்று முஸ்லிம்களும், இல்லை எரிக்க வேண்டும் என்று சாதிக்காரர்களும் மல்லுக்கு நிற்க, கோட்டைக்குள் இருந்த கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் தலையிட்டு எரிக்கச் சொன்னார். மனைவி ஒருத்தி உடன்கட்டை ஏறப் புறப்பட்டதையும் அவர்தான் தடுத்தார். ஒரு முழு நாவலுக்கான ஆள். காஸா வெரோனா என்ற முகமூடிக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். 1708இல் கம்பெனிக்கு ஐந்து கிராமங்கள் கிடைத்தன. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. பழைய ஆவண எழுத்துக்கூட்டலில் நுங்கம்பாக்கம் என்னவாக இருக்கிறது தெரியுமா? லுங்கம்பாக்கா. எழுதிய குமாஸ்தாவுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது. கத்திவாக்கம் கடைசி எழுத்தை இழந்து கட்டவாக் என்று நிற்கிறது. 1693இல் வந்த தொண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் மூன்றில் எழும்பூரின் கதி நமக்குத் தெரிந்ததே.

நாமும் சும்மா இருக்கவில்லை. 1717இலிருந்து 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களுக்காகத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பேட்டை அமைத்தார். காலட் பேட்டை. அதை நம் சனம் வாயில் போட்டு மென்று காலடிப்பேட்டை ஆக்கிவிட்டது. நம் ஊரைக் கடித்துத் துப்பியவர்களின் கவர்னரைக் காலடியில் போட்டாயிற்று, கணக்கு நேர்.

இப்போது சொல்லுங்கள், இவர்களையெல்லாம் எந்த எழுத்தில் தேடுவது? லவ் அதற்குத்தான் நாலாவது தொகுதியைத் தனியாகப் போட்டார். ஒரு மனிதர், ஒரு தெரு, ஒரு கோயில் எங்கெங்கே வருகிறது என்று அந்தத் தொகுதியில் விரலை வைத்தால் போதும். அடைவு இல்லாவிட்டால் மீதி மூன்றும் மண்டபத்து விசேஷத்தில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல்தான்.

இதைப் பக்கத்துத் தெரு தமிழய்யாவிடம் புலம்பினேன். ரிட்டயராகிப் பதினைந்து வருஷம் ஆகிறது, இன்னமும் யாராவது ஒற்றுப்பிழையோடு போர்டு வைத்தால் கடைக்குள் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவார். "இதுக்கு ஏன் தம்பி இவ்ளோ கோவம்? நம்மாள் என்னைக்கோ செஞ்சு வெச்சுட்டுப் போயிட்டார்" என்றார். உ.வே.சா.வைச் சொல்கிறார். 1887இல் சீவக சிந்தாமணி, 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக அச்சேற்றியபோது அவர் ஏட்டில் இருப்பதை மட்டும் அச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பாடபேதம், குறிப்புரை, அரும்பதங்களுக்கு அகராதி என்று பின்னால் ஒரு படையே நிற்கும். அந்த அகராதியைப் பிடித்துக்கொண்டு தமிழ் இலக்கியத்துக்குள் நுழைந்தவர்கள்தான் நம் வாத்தியார்கள் எல்லோரும்.

"அவர் கடைசில எங்க இருந்தார் தெரியுமா?" என்று கேட்டார் அய்யா. தெரியும். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, அவரையும் அவர் ஏடுகளையும் திருக்கழுக்குன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேதான் உயிர் போயிற்று. இங்கிருந்து செங்கல்பட்டு போய் பஸ் மாறினால் திருக்கழுக்குன்றம். பழைய புத்தகத்தை எப்படி மறுபடி போடுவது என்று தமிழனுக்குக் கற்றுக்கொடுத்தவர் கடைசி மூச்சை விட்டது நம்ம ஜில்லாவில். இங்கே உட்கார்ந்துகொண்டு அடைவு இல்லாத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன் நான்.

அப்போதுதான் அய்யாவிடம் கேட்டேன், "இதைத் தமிழ்ல கொண்டுவந்தா ‘வெஸ்டிஜஸ்’ங்கறதுக்கு என்னய்யா வைக்கலாம்? ‘பழைய மதராசின் எச்சங்கள்’?" அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சொல் சரிதான். வள்ளுவரே ஆண்ட சொல்தான். ஆனா கவர்மென்ட் கட்டடத்து மேல காக்கா போட்டதைப் பத்தின புத்தகம்னு நெனச்சுக்குவாங்க." பெயரெச்சம், வினையெச்சம் நடத்திய காலத்தில் பின்வரிசைப் பையன்கள் இதே சந்தேகத்தைக் கேட்டு அடி வாங்கியதையும் சொன்னார். கடைசியில் ‘சுவடுகள்’ என்று முடிவு செய்தோம். சுவடிகளிலிருந்து தேடி எடுத்த சுவடுகள், பொருந்தி வருகிறது. புத்தகம் வருகிறதோ இல்லையோ, தலைப்பு தயார்.

தமிழில் பழைய சென்னையைப் பற்றிப் புத்தகமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நரசய்யாவின் ‘மதராசபட்டினம்’ இருக்கிறது, ஆவணங்களை அக்கறையாகப் படித்து எழுதியது. நான் கேட்பது வேறு. லவ்வின் புத்தகம் முழுதாக, ஆங்கிலமாகவே இருந்தாலும் சரி, வரைபடங்களை விரித்து எடுத்து, நாலாவது தொகுதியோடு, கூடவே ஐந்தாவதாகத் தமிழ்ப் பெயரடைவு ஒன்றும் சேர்த்து வர வேண்டும். காப்புரிமை எப்போதோ போயிற்று, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வெளியூர்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். லண்டனைப் பற்றி ஜான் ஸ்டோ 1598இல் எழுதிய புத்தகத்தை, முந்நூற்றுப் பத்து வருஷம் கழித்து 1908இல் கிங்ஸ்ஃபோர்டு என்பவர் குறிப்புகளோடு இரண்டு தொகுதியாகப் பதிப்பித்தார், இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். நமக்குப் பக்கத்து வீடு சிங்கப்பூர். அங்கே சோங் ஓங் சியாங் 1923இல் எழுதிய சீனர் வரலாற்றை இப்போது குறிப்புரைப் பதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். சொன்னது சரியா, பிழையா, ஆள் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு.

குறிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் தருகிறேன். பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோயில்கள் இருக்கின்றன. பட்டணம் கோயில் என்பார்கள். தரிசனம் செய்கிறவர்கள் அது ஆதியிலிருந்தே அங்கே இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஆதிக் கோயில் இருந்த இடத்தில் இன்றைக்கு ஹைகோர்ட் நிற்கிறது. கம்பெனியின் வெடிமருந்துக்காரர் நாகபட்டன் 1646இல் எழுதிக் கொடுத்த பத்திரத்திலும், கம்பெனி வியாபாரி பேரி திம்மண்ணா 1648இல் எழுதிக் கொடுத்த பத்திரத்திலும் அந்தக் கோயில் வருகிறது. 1746இல் பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடித்து மூன்று வருஷம் வைத்துக்கொண்டான். திரும்பக் கைக்கு வந்ததும் கம்பெனிக்குப் பயம் பிடித்துவிட்டது. கோட்டை மதிலுக்கு எதிரே வீடும் கோயிலும் இருந்தால் எதிரி ஒளிந்துகொண்டு சுடுவான், எல்லாவற்றையும் இடித்து வெட்டவெளி ஆக்கு என்று உத்தரவு. பழைய கறுப்பர் பட்டணம் போயிற்று, 1757 வாக்கில் கோயிலும் போயிற்று. பிறகு கம்பெனி மாற்று இடம் கொடுக்க, கவர்னர் பிகட்டின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, 1760களில் இப்போதைய இடத்தில் எழுப்பினார்கள். அந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட 1773இல் நட்ட ஆறு கல்தூண்களில் ஒன்றே ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் கோயில் ஒரு அத்தியாயத்தில் வரும், நாகபட்டன் வேறொரு இடத்தில் வருவார், முதலியார் அடுத்த தொகுதியில் இருப்பார், கல்தூண் இன்னொரு மூலையில். கோப்பதற்கு ஊசி அடைவுதான்.

இதை எழுதும்போது எங்கள் ஊர் நரசிம்மரை நினைத்துக்கொண்டேன். பாடலாத்ரி. பல்லவர் காலத்துக் குடைவரை. பெருமாள் மலையோடு மலையாக இருப்பவர், அவரைச் சுற்ற வேண்டும் என்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். பட்டர் தீபாராதனை காட்டி நெற்றிக்கண்ணைத் தரிசனம் செய்து வைப்பார். கம்பெனிக்காரன் வந்து இடத்தை மாற்றிக்கொள் என்றிருந்தால் இவர் எங்கே போயிருப்பார்? பாறையை யார் தூக்குவது? பட்டணத்துச் சாமிகளுக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் பக்கம் லவ்வின் புத்தகத்தில் அதிகம் தென்படாது. கோட்டைக்குள் நின்று வெளியே பார்த்து எழுதியது, தெற்கே செங்கல்பட்டு என்றால் ஒரு கோட்டை, 1752இல் கிளைவ் கோவளத்தையும் அதையும் பிடித்தான், 1763இல் ஆற்காட்டு நவாப் அந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தான் என்கிற அளவில் நின்றுவிடும். ஜில்லாவுக்கென்று தனியாகக் குரோல் எழுதிய மேனுவல் 1879இல் வந்தது. அதற்கும் முந்தைய பொக்கிஷம் ஒன்று உண்டு. 1767க்கும் 1774க்கும் நடுவில் தாமஸ் பர்னார்டு இந்த ஜாகிரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். அதன் மூலக் கணக்குகள் தமிழில் ஓலையில் எழுதப்பட்டவை, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டு ஊர்க் கணக்கு மட்டும் புத்தகமாக வந்தது. வீடு எத்தனை, ஏரி எத்தனை, யாருக்கு எவ்வளவு மானியம் என்று ஒவ்வொன்றும். அந்தப் புத்தகத்தைப் பற்றித் தனிப் பதிவே எழுத வேண்டும், இன்னொரு நாள்.

போகட்டும். பேசிக்கொண்டே இருந்தால் வேலை நடக்காது என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நீள நோட்டு வாங்கினேன். கணக்குப்பிள்ளை நோட்டு, சிவப்புக் கோடு போட்டது. ஒரு பக்கம் ஆவணத்தில் இருக்கிற கோணல் பெயர், எதிரே நம் பெயர், பக்கத்தில் தொகுதியும் பக்கமும். ‘க’ வரிசையில் கத்திவாக்கம், காசி வீரண்ணா, காலடிப்பேட்டை, கோவளம். ‘ச’ வரிசையில் சதுரங்கப்பட்டினம், அதுதான் அவர்கள் ‘சாட்ராஸ்’ என்று சுருக்கியது, அப்புறம் சாத்தங்காடு, சிந்தாதிரிப்பேட்டை, சுங்குராமன். இந்தக் கடைசி இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 1734இல் நெசவாளர்களுக்காகச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தது சுங்குராமனின் தோட்டத்தில்தான். கம்பெனியின் தலைமை வியாபாரியாக இருந்து, பதவி பறிபோய், தோட்டமும் போனவர். அவர் பெயரில் ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு இன்னும் இருக்கிறது. நோட்டில் அடுத்தடுத்த கோட்டில் இரண்டு பெயரையும் எழுதியபோது, தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

தமிழ் அகர வரிசையில் போட்டதும் இன்னொன்று நடந்தது. ஆங்கில அடைவில் ஊர் கிடைக்கும், கவர்னர் கிடைப்பார். தமிழ் வரிசையில் ‘ப’வைப் புரட்டினால் பாக்கங்களும் பேட்டைகளும் கூட்டமாக வந்து நிற்கின்றன. புதுப்பாக்கம், புரசைவாக்கம், பெரம்பூர், பேரி திம்மண்ணா. கவர்னர்கள் எங்கோ ஓரத்தில்.

வேலைக்கு நாலாவது தொகுதி வேண்டுமே. இணையக் களஞ்சியம் ஒன்றில் அதன் ஸ்கேன் இருந்தது. நல்ல வேளையாக அதில் விரிக்க வேண்டிய படம் எதுவும் இல்லை, விரலும் இல்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வரும் வழியில் கூடுவாஞ்சேரியில் இறங்கி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். இருபது வயசுப் பையன். இரண்டு பக்கமும் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். தாள் வெளியே வந்து விழ விழ ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தான். ஒரு வாக்கியம்கூட இல்லை. பெயர், காற்புள்ளி, எண். பெயர், காற்புள்ளி, எண். ஓட்டை போடுகிற மெஷினில் கட்டைத் தட்டி ஒழுங்கு செய்துகொண்டே கேட்டான்.

"என்ன சார் இது, வெறும் பேராவே இருக்கு. வோட்டர் லிஸ்ட்டா?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

"எந்தத் தொகுதி சார்?"

"நாலாவது."

ஸ்பைரலுக்கு அறுபது ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டான்.